வாத்தியார் பக்கத்துப் பிரேக்

"முடியாது" என்ற வார்த்தையைத் தன் வாயால் சொல்லாமலே மகளை வெளி மாநிலத்துக்குப் போகவிடாமல் செய்துவிடுவது என்று வாத்தியார் தீர்மானம் எடுத்தார். பல் தேய்த்துக்கொண்டே கண்ணாடிக்கு முன்னால் நின்று எடுத்த தீர்மானம். வாய் நிறைய நுரை இருந்ததால் வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே கதை முடிந்திருக்கும்.

வாத்தியார் என்றதும் கரும்பலகை, சாக்பீஸ் என்று நினைத்துவிடக் கூடாது. இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக் என்றால் பக்கத்தில் உட்காருகிற வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்தான் இவர் பிழைப்பு. ஊரில் பாதிப் பேர் இவரிடம் ஓட்டப் படித்தவர்கள். மீதிப் பேர் இவரிடம் படிக்க வந்து, பயந்துபோய், பஸ்ஸே போதும் என்று திரும்பியவர்கள். வண்டி நகருவதற்கு முன்னாலேயே பிரேக் போட்டுவிடுவார் என்று அவருக்கு 'பிரேக் வாத்தியார்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவருக்கு அதில் கோபம் இல்லை, பெருமைதான். "எந்த வண்டியா இருந்தாலும் சரி, பிரேக் எப்படி இருக்குன்னு என் காலைக் கேளு, அது சொல்லும்" என்பார். வீட்டில் அடுப்பில் பால் பொங்கினால்கூட நாற்காலியில் உட்கார்ந்தபடியே தரையை ஓர் அழுத்து அழுத்துவார். பால் நிற்காது. அது வேறு விஷயம்.

மகளை ஏன் நிறுத்த நினைத்தார் என்றால், மகனை நிறுத்தாமல் விட்டார். அதுதான் காரணம்.

மூத்தவனுக்கு வெளி மாநிலத்தில் இடம் கிடைத்தபோது "போடா ராஜா" என்று முதுகில் தட்டி அனுப்பியவர் இவரேதான். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பையன் படித்தான். அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு. ஆரம்பத்தில் தினமும் போன் வந்தது. அப்புறம் வாரத்துக்கு ஒன்று. இப்போது போன் வந்தால், "நல்லா இருக்கீங்களாப்பா? சரி, அம்மாகிட்ட குடுங்க" என்பதோடு அப்பா பங்கு முடிந்துவிடும். போன தடவை வந்தபோது குளிக்கப் போனவன் பாதியில் எட்டிப் பார்த்து, "துண்டு எங்க இருக்கும்?" என்று கேட்டான். பிறந்து வளர்ந்த வீட்டில் துண்டு எங்கே என்று கேட்கிற பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? எடுத்துக் கொடுத்துவிட்டு வாத்தியார் கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார்.

இப்போது சின்னவளும் கிளம்புகிறேன் என்கிறாள். பாறை, மண், பூகம்பம் எல்லாம் படிக்கிற நிலவியல் படிப்பாம். அதற்கு நல்ல பல்கலைக்கழகம் மூன்று மாநிலம் தாண்டி இருக்கிறதாம்.

"கல்லைப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா பாப்பா? நம்ம வாசல்லயே ரெண்டு லோடு கிடக்கே" என்றார் வாத்தியார், சாப்பிட உட்கார்ந்தபோது.

"அது ஜல்லிப்பா."

"ஜல்லி கல்லு இல்லாம கத்தரிக்காயா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தண்ணீர் ஊற்றினாள். வாத்தியார் முதல் ஆயுதத்தை எடுத்தார்.

"நான் வேண்டாங்கல. செலவுன்னு ஒண்ணு இருக்குல்ல? வெளி மாநிலத்துப் பிள்ளைன்னா கட்டணமே ரெண்டு பங்கு. அதுக்கு மேல விடுதி, சாப்பாடு. அங்க குளிர் வேற. கம்பளி வாங்கணும்."

"எத்தனை கம்பளி?" என்றாள் மனைவி.

"நாலு."

"ஒரு ஆளுக்கா?"

"ஒண்ணைத் துவைச்சா அந்தக் குளிர்ல காயுமா?"

"அதுவும் சரிதான். காலுறை?"

"காலுறை இல்லாமயா?"

"தலைக்குக் குல்லா. பல்லு வலிச்சா டாக்டர். சோப்பை விட்டுட்டீங்க பாருங்க. லீவுக்கு வந்து போற டிக்கெட்டு, ரெண்டு பக்கமும்."

மனைவி தன் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று வாத்தியாருக்கு ஒரே குஷி. அவள் ஒன்று சொல்ல இவர் ஒன்று சொல்ல, செலவு கூரையை முட்டிக்கொண்டு நின்றது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"இவ்வளவுக்கும் நாம எங்க போறது, சொல்லு."

"எங்கயும் போக வேண்டாம். இருக்கு" என்றாள் மனைவி.

"எது இருக்கு?"

"காசு. பெரியவன் கிளம்பின வருஷமே இவளும் ஒரு நாள் போவாள்னு எனக்குத் தெரியும். ஓட்டப் படிக்க வர்ற ஒவ்வொருத்தர் பணத்துலயும் கொஞ்சம் ஒதுக்கிட்டு வர்றேன். நீங்க சொன்ன நாலு கம்பளியும் வாங்கலாம்."

கற்றுக்கொடுப்பது மட்டும்தான் தன் வேலை, பணம் வாங்கி வைப்பது அவள் என்ற சின்ன விஷயத்தை வாத்தியார் மறந்தே போயிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பெட்டிச் சாவியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

விடுவாரா மனுஷன்? கை கழுவுவதற்குள் அடுத்த ஆயுதம் வந்துவிட்டது.

"காசு இருந்து என்னம்மா? இடம் கிடைக்கணுமே. வெளி மாநிலத்தாருக்குன்னு ஒதுக்கினது விரல் விட்டு எண்ணுற இடம். நாலா பக்கத்துல இருந்தும் வந்து முட்டி மோதுவாங்க. இவ மார்க்கு நல்ல மார்க்குதான். ஆனா அங்க வர்றதெல்லாம் புலி."

"அப்ப கிடைக்காதுங்கறீங்க?"

"கஷ்டம்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கிடைக்கவே கிடைக்காதா?"

"நான் எழுதியே தர்றேன். கிடைக்காது."

"அப்ப விண்ணப்பம் போடட்டுமே. கிடைக்காத இடத்துக்குப் போட்டா உங்களுக்கு என்ன போச்சு?"

வாத்தியார் அடுத்த ஆயுதத்தைத் தேடுவதற்குள் மகள், "கிடைச்சா அனுப்புவீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டாள். அந்தக் குரலில் இருந்த ஆசையைப் பார்த்து எந்த அப்பன் மாட்டேன் என்பான்? "கிடைச்சா அனுப்பாம?" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், தன் வண்டியைத் தானே பள்ளத்தில் இறக்கிவிட்டது புரிந்தது.

விண்ணப்பம் போயிற்று. போன வேகத்தில் பதிலும் வந்தது. மார்க்கு தேறிவிட்டது, அடுத்து நேர்முகம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னால் போதும் என்று. மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புது ஆளைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிற பெண் அது.

"நீங்கதான் தினமும் கேள்வி கேட்டு இவளைப் பழக்கணும்" என்றாள் மனைவி.

"நானா?"

"உங்களை விட்டா யாரு? எத்தனை பேரைப் பழக்கி இருக்கீங்க."

வாத்தியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பூனையைக் கூப்பிட்டுப் பாலுக்குக் காவல் வைக்கிறாளே இவள் என்று நினைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தே ஓர் ஆளை நடுங்கவைக்கிற வித்தை அவருக்கு அத்துப்படி. கத்த மாட்டார். ஒரு பெருமூச்சு விடுவார். நாக்கால் உச்சுக் கொட்டுவார். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, இதற்கு மேல் கடவுள் விட்ட வழி என்கிற மாதிரி வெளியே பார்ப்பார். லாரி ஓட்டினவனுக்கே கியர் மறந்துபோகும்.

பயிற்சிப் பள்ளியை மூடிவிட்டு வந்ததும் தினமும் முன்னறையில் பாடம். மூத்தவன் படித்த நாற்காலியில் வாத்தியார். எதிரே ஸ்டூலில் மகள்.

"பூகம்பம் ஏன் வருது?"

"சார், பூமிக்கு அடியில தட்டுத் தட்டா..."

பெருமூச்சு.

"தட்டுத் தட்டா இருக்கிற பாறை ஒண்ணோட ஒண்ணு..."

உச்.

"ஒண்ணோட ஒண்ணு..."

வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மகள் எழுந்து உள்ளே போய் அழுதாள். அவள் விசும்புவது முன்னறைவரை கேட்டது. திட்டம் பலிக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், அன்றைக்குச் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்தார். பெற்ற பிள்ளையை அழவைத்துவிட்டு எவனுக்குச் சோறு இறங்கும்? ஆனாலும் மறுநாள் அதே நாற்காலியில்தான் போய் உட்கார்ந்தார். அழுதாலும் இங்கேயே இருந்து அழட்டும், கண்ணுக்கு முன்னால் இருக்குமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுநாளும் அழுதாள். அதற்கு அடுத்த நாள் கண் மட்டும் கலங்கியது. அப்புறம் ஒரு நாள் அவர் பெருமூச்சு விட்டு முடிகிறவரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். வாத்தியாருக்குச் சுருக்கென்றது. கடைசியாக, எவரும் தடுமாறுகிற கேள்வி ஒன்றைத் தேடிப் பிடித்தார்.

"உங்க ஊர்லயே கல்லூரி இருக்கு. வீடு இருக்கு. பாசமா பார்த்துக்கிற அப்பா அம்மா இருக்காங்க. எல்லாத்தையும் விட்டுட்டு எதுக்கும்மா இவ்வளவு தூரம் வர்றே?"

மகள் தரையைப் பார்க்காமல், அவரைப் பார்த்தே சொன்னாள்.

"எங்க அப்பா ரொம்ப நல்லவர் சார். சின்ன வயசுல இருந்தே அவர் முகத்தைப் பார்த்துத்தான் எல்லாம் செய்யறேன். அவர் பயந்தா நின்னுடுவேன். அவரு பக்கத்துல இல்லாதப்ப நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியல சார். அதைத் தெரிஞ்சுக்கணும்."

வாத்தியாருக்குப் பெருமூச்சு வரவில்லை. "அடுத்த கேள்வி நாளைக்கு" என்று எழுந்துபோய், காலையில்தான் கழுவிய வண்டியை மறுபடியும் கழுவினார்.

நேர்முகத்தன்று மூன்று பேர் திரையில் வந்து கேட்டார்கள். முடித்துவிட்டு வெளியே வந்த மகள் முகம் மலர்ந்திருந்தது. "ரொம்ப நல்லவங்கப்பா. ஒருத்தர்கூட உச்சுக் கொட்டல" என்றாள். இடம் கிடைத்துவிட்டது. அதுவும் வெளி மாநிலத்துப் பிள்ளைகளில் முதல் பெயராக.

"உங்க புண்ணியம்தான்" என்றாள் மனைவி டீ டம்ளரை நீட்டி. "உங்க முன்னாடி பேசிப் பழகினவளுக்கு மத்தவங்க எம்மாத்திரம்? அதுக்குத்தானே உங்களைக் கேட்கச் சொன்னேன்."

வாத்தியாருக்கு டீ கசந்தது. சர்க்கரை எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தாள்.

அப்போதும் அவர் முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை. சேர்க்கை நாளன்று மதியத்துக்குள் நேரில் வந்து சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று பல்கலைக்கழகம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. அதற்குள் அங்கே போய்ச் சேர முந்தின நாள் கிளம்புகிற ஒரே ரயில்தான். அந்த ரயிலை விட்டால் மகள் வீட்டில். இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்த்தபோது வாத்தியாருக்கே தன்மேல் கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் குளியலறையில் துண்டு கேட்ட மகனின் குரல் காதிலேயே இருந்தது.

வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது. ஒரு காலத்தில் பயிற்சி வண்டி. பள்ளிக்குப் புதுசு வாங்கிய பிறகு, இது வீட்டு உபயோகத்துக்கு வந்துவிட்டது. மேலே இருந்த பலகையைக் கழற்றினார்களே தவிர, வாத்தியார் பக்கத்துப் பிரேக் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்கு இதில்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ் வாங்கிய பிறகும் அவள் ஓட்டினால் இவர் பக்கத்தில் இருப்பார். திருப்பம் வந்தால் அழுத்துவார். எதிரே சைக்கிள் வந்தால் அழுத்துவார். ஒன்றுமே வராவிட்டாலும் ஒரு தடவை அழுத்தி வைப்பார். வண்டி நின்றதும், "பார்த்தியா, நான் மட்டும் பிரேக் போடலைன்னா?" என்பார். "ஆமாப்பா" என்பாள் அவள்.

ஊருக்குப் போகிற நாள் மத்தியானம் பெட்டிகளை ஏற்றியதும், "பாப்பா, நீயே ஓட்டு. கடைசியா ஒரு தடவை உன்கூட உட்கார்ந்து வர்றேன்" என்றார். அதில் பாதி நிஜம். மீதிப் பாதி அவர் காலில் இருந்தது. வழியெல்லாம் லேசாக லேசாக அழுத்திக்கொண்டே போனால் வண்டி நத்தையாகும், ரயில் போய்விடும். யாரையும் குறை சொல்ல முடியாது.

மகள் ஸ்டீரிங்கைப் பிடித்தாள். மனைவி பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். வண்டி தெருவைத் தாண்டி, மருந்துக் கடை முனையில் திரும்பி, பெரிய சாலையில் ஏறியது. வாத்தியார் மெல்லக் காலை வைத்து அழுத்தினார்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது.

சரியாக அழுத்தவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பெடல் தரையைத் தொட்டது. வண்டி வேகம் எடுத்தது. வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது.

"பாப்பா, நிறுத்து, நிறுத்து. பிரேக் பிடிக்கல."

"என் பக்கம் நல்லாப் பிடிக்குதுப்பா" என்றாள் மகள். சிக்னலில் அழகாக நிறுத்திக் காட்டினாள். பச்சை விழுந்ததும் கிளம்பினாள்.

"இந்தப் பக்கம் பிடிக்கலையே."

"அது பிடிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க" என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "இவ ஓட்ட ஆரம்பிச்ச புதுசுல, நான் ஓட்டறேனா அப்பா ஓட்டறாரான்னு தெரியலம்மான்னு அழுதா. நான்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டு உங்க பக்கத்து இணைப்பை எடுத்துவிடச் சொன்னேன். ஸ்பிரிங் மட்டும் இருக்கட்டும்னேன், உங்க காலுக்குத் தெரியக் கூடாதுன்னு."

எந்த வண்டிப் பிரேக்கையும் காலாலேயே சொல்லிவிடுகிற வாத்தியார், தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"பொய் சொல்லாதே. இத்தனை நாள் நான் அழுத்தினப்பல்லாம் நின்னுதே?"

கொஞ்ச தூரம் போன பிறகு மகள்தான் சொன்னாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்க கால் அசையறது எனக்குத் தெரியும்பா. நான்தான் பிடிச்சேன். இல்லைன்னா நீங்க பயந்துடுவீங்க."

வாத்தியார் காலை எடுத்து மடக்கி வைத்துக்கொண்டார். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்தார். வழக்கமாகப் பிறத்தியாரை நடுங்கவைக்கச் செய்கிற வேலை அது. இன்றைக்குக் கண்ணைத் துடைக்கத் தோதாக இருந்தது. மகள் திருப்பத்தில் வளைத்தாள், லாரியை முந்தினாள், குறுக்கே வந்த சைக்கிளுக்கு நிதானித்து வழிவிட்டாள். இத்தனை நன்றாக ஓட்டுவாள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாளும் அவளை அவர் ஓட்டவிட்டுப் பார்த்ததே இல்லை.

ரயில் வருவதற்கு முன்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். பெட்டிகளை ஏற்றினார்கள். நாலு கம்பளி இருந்த பெட்டியை அவரே தூக்கினார், கனத்துத் தொலைத்தது. "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றார். "பண்றேன்பா" என்றாள். ரயில் நகர்ந்தபோது பழக்க தோஷத்தில் அவர் வலது கால் பிளாட்பாரத்தை ஓர் அழுத்து அழுத்தியது. ஜன்னலோரம் இருந்த மகள் அதைப் பார்த்துவிட்டாள். சிரிக்கப் போனவள் முகத்தை மூடிக்கொண்டாள். ரயில் போய்விட்டது.

திரும்பும்போது வாத்தியார் ஓட்டினார். மனைவி எப்போதும் போலப் பின்னால் ஏறாமல் முன்னால், அவர் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். காசு ஒதுக்கியவள், விண்ணப்பம் போடவைத்தவள், பிரேக் இணைப்பை எடுக்கவைத்தவள். ஸ்டேஷன் வாசலைத் தாண்டுகிறவரை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுக்குப் போனா யாரும் இருக்க மாட்டாங்க" என்றாள் திடீரென்று.

"நான் இருப்பேன்ல."

"நீங்க இருப்பீங்க" என்றாள். அது ஆறுதலா அலுப்பா என்று அவருக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் வழிவதைத் துடைக்காமல், அந்தச் செத்த பெடலில் காலை வைத்து ஓங்கி அழுத்தினாள்.

வாத்தியார் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போயின. கடைசியில் அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து பெடலைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"பார்த்தீங்களா, பிரேக் நல்லாத்தான் பிடிக்குது" என்றாள்.